ஜாய் டிவிஷனா, வயரா? 1979-80 போஸ்ட்-பங்க் மேடைப் பதிவுகள்

ஜாய் டிவிஷன், வயர் இரண்டும் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கை அடுத்து வந்த இசை) வாசித்த பிரிட்டிஷ் குழுக்கள். மேடைப் பதிவு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வயரின் 'வயர் ஆன் தி பாக்ஸ்: 1979' வாங்குங்கள். ஜெர்மனியின் ராக்பலாஸ்ட் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக 1979 பிப்ரவரியில் கொலோனில் எடுத்தது. 2004இல் டிவிடியாக வந்தது. படமும் தெளிவு, ஒலியும் தெளிவு. 1979 செப்டம்பரில் வெளியான '154' ஆல்பத்தின் பாடல்கள் சில, ஸ்டுடியோ மெருகு ஏறாமல் இதிலேயே இருக்கின்றன.

'எர்க்! எ மியூசிக் வார்' என்ற கச்சேரித் திரைப்படம் பல குழுக்களை ருசி பார்க்க மட்டும். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பாட்டு. கேங் ஆஃப் ஃபோர் சூடேறும்போதே அடுத்த குழு வந்துவிடும்.

ஜாய் டிவிஷன் என்றால் கதையே வேறு. மால்கம் வொய்ட்ஹெட் 1979 மார்ச்சில் பௌடன் வேல் இளைஞர் மன்றத்தில் சூப்பர் 8 என்ற சிறு ஃபிலிமில் எடுத்தது அருமையான துண்டு, ஆனால் மொத்தப் படமே 17 நிமிடம். அந்த ஃபிலிம் சுருள் ஒன்று வினாடிக்கு 18 சட்டத்தில் (ஃபிரேம்) 3 நிமிடம் 20 வினாடிதான் ஓடும். 24 சட்டத்தில் இரண்டரை நிமிடம். ஒரு பாட்டு முடியுமுன் சுருள் தீர்ந்துவிடும்.

நீளமாகப் பார்க்க, ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'ஹியர் ஆர் தி யங் மென்' வீடியோ கேசட்தான். மான்செஸ்டர் அப்போலோ, 1979 அக்டோபர்; நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் எஃபெனார் அரங்கம், 1980 ஜனவரி. படம் மங்கல், ஒலி அமுங்கல். இருந்தும் பாடகர் இயன் கர்ட்டிஸ் மேடையில் ஆடுவதை இவ்வளவு நேரம் பார்க்க இதை விட்டால் வழி குறைவு.

பழைய கேசட் வாங்கினால் முதலில் அதன் கண்ணாடி ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சை. டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். பிரிட்டிஷ் கேசட் என்பதால் அங்குள்ள பால் (PAL) வீடியோ முறையில் ஓடும் டெக் வேண்டும். என்டிஎஸ்சி (NTSC) முறை மட்டும் ஓட்டும் அமெரிக்க டெக்கில் படம் உருளும். ஓட்டுமுன் ஒருமுறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள், நாடாவின் இறுக்கம் சீராகும். படத்தின் மேல்விளிம்பு வளைந்தால் டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (படக் கோடுகளின் நேரத்தைச் சீராக்கும் கருவி) தேவை. கணினியில் 720க்கு 576 புள்ளி அளவில் இன்டர்லேஸாகவே (ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரும் அரைப்படங்களாகவே) பதிவுசெய்து, பிறகு வினாடிக்கு 50 சட்டமாகப் பிரியுங்கள். 25ஆகச் சுருக்கினால் பாதி அசைவு போய்விடும். பிரிக்காமலே விட்டால் கர்ட்டிஸின் வீசும் கைகள் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழியும்.