32, 140, 280 எழுத்துகளில் படம்: டிக்ஸி, டிவிட்டர்.நெட், பிகோ-8 நீண்டகாலப் பயன்பாட்டில்

மிகச் சில எழுத்துகளில் நிரல் எழுதி அசையும் படம் வரைய மூன்று இடங்கள்: டிக்ஸி, டிவிட்டர்.நெட் (Dwitter; ட்விட்டர் அல்ல) என்ற இரு இணையதளங்கள், பிகோ-8 என்ற கற்பனை விளையாட்டுக் கருவி. மூன்றிலும் எழுத்து வரம்பு சீக்கிரம் பழகிவிடும். கடைசிவரை மல்லுக்கு நிற்பது ஒவ்வொன்றின் தனிக் குணம்தான்.

நிரலாளர் மார்ட்டின் கிளெப்பே 2020இல் வெளியிட்ட டிக்ஸி.லேண்டில் 16×16 புள்ளிகள், 32 எழுத்துகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம், வரிசை எண், எக்ஸ், ஒய் ஆகியவை கையில் வரும். நாம் -1 முதல் 1 வரை ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். எண் பெரிதானால் புள்ளி பெரிதாகும். நெகட்டிவ் என்றால் சிவப்பு. நடுவிலிருந்து உள்ள தூரத்தில் நேரத்தைக் கழித்து சைன் (-1க்கும் 1க்கும் இடையே அலையும் கணிதச் சார்பு) எடுத்தால் அலை வெளியே விரியும். மொத்தம் 25 எழுத்துகள்தான். நடுப்புள்ளிக்கு 8 அல்ல, 7.5 கழியுங்கள்; ஆயங்கள் 0 முதல் 15 வரை என்பதால் 8 போட்டால் வட்டம் ஒருபக்கம் ஒதுங்கும். ஓர் அலைக்கு 6.28 வினாடி ஆவது மந்தம். நேரத்தை 4ஆல் பெருக்க இரண்டே எழுத்துதான் கூடும். தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் சீக்கிரமே எல்லாம் அலையாகவே தெரியும்.

டிவிட்டர்.நெட்டில் ஜாவாஸ்கிரிப்ட், 140 எழுத்துகள், 1920×1080 கேன்வாஸ் (வரையும் பரப்பு). நம் ஃபங்ஷன் வினாடிக்கு 60 முறை ஓடும். அதனால் ரேண்டமை (தற்செயல் எண்) நேரடியாகப் போட்டால் ஒவ்வொரு பிரேமிலும், அதாவது ஒவ்வொரு ஓட்டத்திலும், புள்ளிகள் இடம் மாறி, கொசு மொய்ப்பதுபோல் இருக்கும். லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எண்ணின் வர்க்கத்துக்கு சைன் எடுங்கள்: பார்க்கச் சிதறல்தான், ஆனால் ஒவ்வொரு பிரேமிலும் அதே எண்.

திரையைத் துடைக்க கேன்வாஸ் அகலத்தை அதற்கே மறுபடி கொடுப்பது வழக்கம். நிறமும் சுழற்சியும் அப்போது கூடவே அழிந்துவிடும். அவற்றைத் துடைத்த பிறகே அமைக்க வேண்டும். நிறம் கொடுக்க ஃபில்ஸ்டைல் என்று எழுதவே பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் போய்விடும். அங்கே கறுப்பு-வெள்ளைப் படங்கள் இத்தனை இருப்பது ரசனையால் மட்டும் அல்ல! 20 லட்சத்துச் சொச்சம் பிக்சலையும் சதுரம் சதுரமாக நிரப்பப் பார்த்தால் பிரவுசர் திணறும். கேன்வாஸ் அகலத்தைக் குறைத்துக்கொண்டு வரையலாம்.

இரண்டு எழுத்துகளை ஒரு யூனிகோடு எழுத்துக்குள் அடைக்கும் தந்திரமும் உண்டு. பிரித்துப் படிக்கும் பகுதிக்கே 43 எழுத்துகள் போக, மிச்சம் 97இல் 194 எழுத்து நிரல் அடங்கும். அடைத்த பிறகு கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது. அதனால் கடைசிப் படியாக மட்டும் செய்யுங்கள்.

பிகோ-8இல் 128×128 திரை, 16 நிறம், லூவா என்ற நிரல்மொழி. 280 எழுத்துகள் என்பது ட்வீட் அளவை ஒட்டிப் பயனர்களே வகுத்துக்கொண்ட வரம்பு. சைனுக்குக் கொடுக்கும் கோணத்தில் முழுவட்டம் இங்கே 6.28 அல்ல, 1. சைனும் தலைகீழ். பெரிய பொறி எண்களில்: உச்சம் 32768க்குள். திரையின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் தூரம் கணக்கிட்டால் 127இன் வர்க்கம் இரண்டும் சேர்ந்து 32258, மயிரிழையில் தப்பும். மையத்தைத் திரைக்கு வெளியே கொஞ்சம் நகர்த்தினாலே கூட்டல் உச்சத்தைத் தாண்டி நெகட்டிவாகி வட்டம் வெட்டுப்பட்டுத் தெரியும். வர்க்கம் எடுக்கும் முன் 8ஆல் வகுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

நிறத்துக்காக மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் இதுதான். ஜிஃப் பதிவு முன்னிருப்பாக 8 வினாடி. நேரத்தை 8ஆல் வகுத்துக் கோணமாகப் போட்டால் ஒட்டு தெரியாமல் சுற்றிவரும்.