பன்னிரண்டு ஆண்டுப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மிண்ட் 22

எங்கள் வீட்டு மடிக்கணினி 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதிலிருந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அடுத்து எதை நிறுவுவது என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் இத்தகைய வேலைக்குப் பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோதான் போவோம். நான் பொள்ளாச்சிக் கடை ஒன்றில் காட்டியபோது, "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன், ஓடும்" என்றார்கள்.

ஓடும் என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் இந்தக் கணினியில் இல்லை. இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதுமில்லை. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. விண்டோஸ் 10இலேயே கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை தள்ளலாம் என்றாலும், அது ஓராண்டுத் தவணைதான். விண்டோஸ் 7 போட்டால் பறக்கும் என்று மைத்துனர் சொன்னார். அதற்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது, குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ். இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் என் மகள், கணினிப் பாடத்தைக் கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கைட் நிறுவனத்தின் லினக்ஸில்தான் கற்கிறாள் என்பதால், அதையே வீட்டிலும் போட்டுவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அது உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அந்த அடிப்படைக்கான ஐந்தாண்டு ஆதரவு 2027இல் முடியும். லினக்ஸ் மிண்ட் 22, உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டதால் 2029 வரை அப்டேட் பெறும். ஜியோஜீப்ரா, ஜிம்ப் போன்ற பள்ளி மென்பொருள்களை மிண்டிலும் நிறுவிக்கொள்ளலாம் என்னும்போது, பழைய கணினிக்கு நான் பார்க்க வேண்டியது இந்த முடிவுத் தேதியைத்தான் என்று தோன்றியது. மிண்டின் மூன்று வடிவங்களான சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றுள் 4 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇயே ஏற்றது. சினமனின் அழகு எனக்குப் பிடித்திருந்தும் விட்டுவிட்டேன்.

நிறுவுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான சேமிப்பகமான 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கணினி இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. இந்த வேகத்தில் பாதிப் புகழாவது மிண்டுக்கு அல்ல, எஸ்எஸ்டிக்கே சேரும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மிண்டைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடிவதால், எது வேலை செய்யும், எது செய்யாது என்பது நிறுவும் முன்பே தெரிந்துவிடுகிறது. எனக்கு வை-ஃபை மட்டும் வரவில்லை. கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்ததும், மிண்டிலுள்ள டிரைவர் மேலாளர், வை-ஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தானே கண்டுபிடித்தது.

நான் மிகவும் அஞ்சியது மொழி விஷயத்தில்தான். எங்கள் பகுதியில் ஒரே நாளில் பஞ்சாயத்துக்கு மலையாளத்திலும், கோயில் விழா நோட்டீஸுக்குத் தமிழிலும், வங்கிக்கு ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்ய நேரும். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பையும் மலையாளத்தையும் சேர்த்து, மாறுவதற்கு ஒரு குறுக்கு விசையை வைத்துக்கொண்டேன். மூன்றுக்கும் இடையே தாவுவது விண்டோஸில் இருந்ததைவிடக் குழப்பமில்லாமல் இருக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த பழைய நோட்டீஸ்கள், அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவியதும் லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்தன, ஆனால் வரிகள் இடம் மாறியிருந்தன. இரண்டு மாலைகள் உட்கார்ந்து முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றினேன். எந்த இயங்குதளமானாலும் என்றோ செய்திருக்க வேண்டிய வேலை அது.

குறை ஒன்று தீரவில்லை. வீட்டிலிருக்கும் பழைய லேசர் பிரிண்டரை மிண்ட் அடையாளம் காண்கிறது, அச்சிட அனுப்பினால் வெற்றுத்தாள்தான் வருகிறது. அச்சிட வேண்டியதைப் பிடிஎஃப் ஆக்கி, கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். டேலியில் கணக்கு எழுதுபவர்களும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனை நாள்தோறும் பயன்படுத்துபவர்களும் விண்டோஸை உடனே அழித்துவிட வேண்டாம்; பழைய டிஸ்க்கை விண்டோஸுடனேயே உறையில் போட்டு ஒரு மாதம் வைத்திருங்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், ஒருமுறைகூட அதைத் திரும்ப மாட்ட நேரவில்லை.