மூளையை மட்டும் மாற்றிய மில்லிங் மெஷின்: லினக்ஸ்சிஎன்சியோடு சில வருடங்கள்

கோவையில் எங்கள் ஜாப் ஒர்க் பட்டறையில் ஓடும் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் செதுக்கும்) மில்லிங் மெஷின் 80களில் ஐரோப்பாவில் செய்தது. பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினோம். வார்ப்பு, ஸ்லைடு, பால் ஸ்க்ரூ (டேபிளை நகர்த்தும் திருகு) எல்லாம் நன்றாக இருந்தன. மெஷினின் மூளையான கன்ட்ரோலர்தான் கடைசி மூச்சில் இருந்தது. பேட்டரி இறங்கினால் பாராமீட்டர் மொத்தமும் அழிந்துவிடும். திரையில் எழுத்து மங்கல். மெமரி சில கிலோபைட்தான், அதனால் பெரிய புரோகிராமை சீரியல் கேபிள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். போர்டு பழுது பார்க்கக் கேட்ட தொகை மெஷின் விலையைத் தொட்டது. சாதா கம்ப்யூட்டரையே சிஎன்சி கன்ட்ரோலராக மாற்றும் இலவச மென்பொருளான லினக்ஸ்சிஎன்சிக்குப் போனது அதனால்தான்.

இலவச மென்பொருளை நம்பி ஸ்பிண்டிலை (டூலைச் சுழற்றும் தண்டு) சுற்றலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். இதன் வேர் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகமான நிஸ்ட் செய்த கன்ட்ரோலர் திட்டத்தில் இருக்கிறது. டோர்மாக் கம்பெனி மெஷின்களில் வரும் பாத்பைலட் கன்ட்ரோலரும் இதன் மேல் கட்டியதுதான். சந்தேகப்பட வேண்டியது மென்பொருளை அல்ல, நாம் செய்யும் வயரிங்கை.

முதலில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். பலர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய டிசி சர்வோ மோட்டாரும் அதை ஓட்டும் டிரைவும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை விட்டுவைக்கலாம். அந்த டிரைவுக்குத் தேவை பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் சிக்னல் மட்டும்தான். மெசா கம்பெனியின் 7ஐ77 இன்டர்ஃபேஸ் கார்டு ஆறு சேனலில் அதைத் தருகிறது, இடத்தை அளக்கும் ஆறு என்கோடரையும் படிக்கிறது. வேகத்தைப் பிடித்து வைக்கும் வேலையை டேகோவை (மோட்டாரின் வேகத்தை அளப்பது) வைத்துக்கொண்டு டிரைவே பார்த்துக்கொள்ளும். லினக்ஸ்சிஎன்சி ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அச்சின் (டேபிளோ ஹெட்டோ நகரும் திசை) இடத்தைப் படித்து, புது வோல்டேஜ் சொல்லும்.

யாருடைய பட்ஜெட்டிலும் வராத செலவு ஒன்று உண்டு. அச்சின் இடத்தை அளக்கும் பழைய கண்ணாடி ஸ்கேல்கள் தருவது மைக்ரோ ஆம்பியர் அளவிலான சைன் அலை. அதைச் சதுர அலையாக மாற்றும் வேலை பழைய கன்ட்ரோலருக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் போனதும் அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. மெஷின் பார்க்கப் போகும்போதே ஸ்கேலின் சிக்னல் வகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் வேகம் முக்கியமில்லை, சொன்ன நேரத்துக்குப் பதில் சொல்கிறதா என்பதுதான் முக்கியம். ரியல்டைம் கெர்னல் (நேரம் தவறாமல் வேலை செய்யும் லினக்ஸ் மையம்) போட்டு, லேட்டன்சி (தாமதம்) சோதனையை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆபீஸில் கழித்துவிட்ட சாதா டெஸ்க்டாப், பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை அணைத்த பிறகு, புது லேப்டாப்பை விட ஒழுங்காக நடந்துகொண்டது.

ட்யூனிங்கை டிரைவிலிருந்து தொடங்குங்கள். பூஜ்ய வோல்ட் கொடுத்தால் அச்சு நகரக்கூடாது, அதற்கான திருகு டிரைவிலேயே இருக்கும். அப்புறம் லினக்ஸ்சிஎன்சியின் எஃப்எஃப்1 என்ற அமைப்பு எண். கேட்ட வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற கணக்கு சரியாக அமைந்துவிட்டால் பிழையின் (சொன்ன இடத்துக்கும் அச்சு இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். மிச்சத்துக்குத்தான் பிழைக்கு ஏற்பத் திருத்தும் பி என்ற எண். பி-யை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் டேபிள் உறும ஆரம்பிக்கும்.

நான் இந்த மாற்றத்தைச் சிபாரிசு செய்ய முக்கியக் காரணம் லினக்ஸ்சிஎன்சியோடு வரும் ஹால்ஸ்கோப். உள்ளே ஓடும் எந்த சிக்னலையும் வரைபடமாகப் பார்க்கலாம். ஒய் அச்சு காலை வேளையில் எப்போதாவது ஃபாலோயிங் எரர் (அந்தப் பிழை வரம்பை மீறியது) காட்டி நின்றுகொண்டிருந்தது. பழைய கன்ட்ரோலராக இருந்தால் ஒரு எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். நாமும் மோட்டார் பிரஷ், டிரைவ், கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டிருப்போம். ஹால்ஸ்கோப்பில் பிழையையும் வோல்டேஜையும் சேர்த்து வரைந்தபோது, இரண்டும் டேபிளின் ஒரே இடத்தில்தான் ஏறின. எலக்ட்ரிக்கல் கோளாறு பெரும்பாலும் இப்படி இடம் பார்த்து வராது. கவரைக் கழற்றினால், அந்த ஸ்லைடுக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் எண்ணெயை அளந்து விடும் மீட்டரிங் யூனிட் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் கோடு படுத்துவிட்டது. இப்போது சனிக்கிழமை துடைப்பு வேலையோடு மூன்று அச்சையும் ஒரு ஓட்டம் ஓட்டிப் படம் எடுத்து வைக்கிறோம்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருளிடம் ஒப்படைக்காதீர்கள். பட்டனை அமுக்கினால் டிரைவுக்கு மின்சாரம் விடும் கான்டாக்டர் நேரடியாக விழ வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தகவல் போனால் போதும். இசட் அச்சின் பிரேக்கும் அப்படித்தான். டிரைவ் அணைந்த நொடியில் பிரேக் பிடிக்காவிட்டால் ஹெட் ஜாப் மேல் இறங்கிவிடும். கம்ப்யூட்டர் உறைந்தால் மெசா கார்டின் வாட்ச்டாக் (கண்காணிப்பு டைமர்) அவுட்புட்டைத் தானே துண்டிக்கிறது. அதை நாங்கள் கேபிளைப் பிடுங்கியே சோதித்தோம்.

இனி குறைகள். ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலரில் பழகிய எங்கள் ஆபரேட்டர் அண்ணன் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். சப் புரோகிராமை அப்போது லினக்ஸ்சிஎன்சிக்கே உரிய ஓ-வேர்டு முறையில் எழுத வேண்டியிருந்தது, ஜி41-இல் (டூலின் ஆரத்தைக் கணக்கில் சேர்க்கும் கட்டளை) உள்ளே நுழையும் பாதை கொஞ்சம் பிசகினாலும் புரோகிராமையே ஏற்காது. "என்ன தம்பி, இது வாத்தியார் மாதிரி திட்டுது" என்பார். அவர் சொன்ன ஒரு புகார் மட்டும் முழுக்க நியாயம். டூல் உடைந்து, புரோகிராமை நடு வரியிலிருந்து தொடங்குவதை இதில் நம்ப முடியாது. ஸ்பிண்டில், ஆஃப்செட் எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே சரிபார்த்தாக வேண்டும். நீளமான புரோகிராமை டூல் வாரியாகத் துண்டு போட்டு வைக்கிறோம்.

வளைவுப் பரப்பு வேலைகளில் நிற்காமல் வளைந்து போகச் சொல்லும் ஜி64 கட்டளைக்கு டாலரன்ஸ் (பாதை எவ்வளவு விலகலாம் என்ற அளவு) கொடுக்க மறக்காதீர்கள். வெறும் ஜி64 போட்டால் வேகத்துக்காக மூலையை மழுக்கிவிடும். ஸ்பிண்டிலில் என்கோடர் மாட்டியதால் ஜி33.1 மூலம் ரிஜிட் டேப்பிங் (ஸ்பிண்டில் சுற்றோடு ஒத்துப்போய் மரை வெட்டுவது) கிடைத்தது, அதற்கு முன்பு தேவைப்பட்ட மிதவை ஹோல்டர் பெட்டிக்குள் போய்விட்டது. இரும்பு மட்டும் அதே பழைய இரும்புதான். டேபிளின் நடுவில் இருந்த தேய்மானம் அப்படியே இருக்கிறது, வெட்டாமல் நகரும் ரேப்பிட் வேகமும் கூடவில்லை.

போன் போட்டுக் கூப்பிட சர்வீஸ் இன்ஜினியர் கிடையாது. பட்டறையில் ஒருவராவது மெஷினின் அமைப்பைச் சொல்லும் ஐஎன்ஐ, ஹால் ஃபைல்களைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள், ஒரு பென் டிரைவில் மொத்த மெஷினும் அடங்கிவிடும். வயரிங் படத்தை பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம். ஓடும் மெஷினில் பதிப்பை மாற்றுவதற்கு நான் எதிரி. லினக்ஸ்சிஎன்சி 2.7-இலிருந்து 2.8-க்குப் போனபோது ஜாயிண்ட் (மோட்டார்), ஆக்சிஸ் (எக்ஸ், ஒய், இசட் திசை) என்று அமைப்பே பிரிந்து, பழைய கான்ஃபிக் ஃபைலை மாற்றித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

இதெல்லாம் டிரைவும் மோட்டாரும் உயிரோடு இருக்கும் மெஷினுக்குத்தான் பொருந்தும். அவையும் போய்விட்டால் மூன்று ஏசி சர்வோ, மவுண்டிங் பிளேட், கப்ளிங் என்று செலவு வேறு கணக்குக்குப் போய்விடும். அந்த நிலையில் செகண்ட் ஹேண்ட் விஎம்சி (செங்குத்து மெஷினிங் சென்டர்) ஒன்றைத் தேடுவதே மேல்.