யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

ஐரோப்பாவில் நாலைந்து நாடுகளை ரயிலிலேயே சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்துச் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா, ஒவ்வொரு பயணத்துக்கும் தனி டிக்கெட் எடுத்தால் லாபமா என்பதைத்தான். எந்தெந்த நாடு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது அது. லண்டன், பாரிஸ் தமிழர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில் என்ற பாஸ். சுற்றுலாவுக்குத் தோதானது, ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட 4, 5 அல்லது 7 நாட்களில் பயன்படுத்தும் வகை. அந்த நாளின் நள்ளிரவு வரை எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம்.

பிரான்ஸுக்குள் நுழைந்ததும் சிக்கல் ஆரம்பிக்கும். அந்நாட்டின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்கள் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு. யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் கொஞ்சம்தான். இத்தாலியில் 2012 முதல் இத்தாலோ என்ற தனியார் ரயில் அரசு ரயிலோடு மல்லுக்கட்டுவதால், மிலன்-ரோம் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவாகவே கிடைக்கும். இத்தாலோவில் பாஸ் செல்லாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கதையே வேறு. உள்நாட்டுப் பயணங்களில் பெரும்பாலும் முன்பதிவு வேண்டாம். ஜெர்மனியின் அதிவேக ஐசிஇ ரயிலில் இருக்கைக்கு மேலுள்ள சின்னத் திரையில் 'ஃப்ராங்க்ஃபர்ட் - மன்ஹைம்' என்று தெரிந்தால் அவ்வளவு தூரத்துக்கு அது வேறொருவர் இடம். ஒன்றும் இல்லையென்றால் தாராளமாக உட்காரலாம். சால்ஸ்பர்கில் மழை கொட்டுகிறதா, வியன்னாவுக்கு வண்டி ஏறிவிடலாம். பாஸுக்குக் கொடுத்த காசு இங்கேதான் செரிக்கிறது. சுவிஸில் அன்றைக்கே எடுக்கும் முழு டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு விஷயம்: பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற மலைவழிச் சுற்றுலா ரயிலுக்குப் பாஸோடு கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில், அதே 2253 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிப் போகும் சாதாரண ரயிலுக்கு அது கிடையாது. நான் அதில்தான் ஏறச் சொல்வேன். யுங்ஃப்ராயோக் மலை ரயிலில் பாஸுக்குத் தள்ளுபடி மட்டும்தான்.

தனி டிக்கெட்டின் பலம் மலிவு விலை. ஆஸ்திரியாவின் ஸ்பார்ஷீனே, ஜெர்மனியின் ஸ்பார்ப்ரைஸ் என்ற மலிவு டிக்கெட்டுகள் எல்லாம் சீக்கிரம் எடுப்பவர்களுக்கே. குறிப்பிட்ட அந்த ரயிலில்தான் போக வேண்டும். நாம் தாமதமாகப் போய் வண்டியை விட்டால் டிக்கெட் போச்சு. நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, ஷெங்கன் விசா. அது கைக்கு வருவதற்குள் மலிவு டிக்கெட்டுகள் தீர்ந்திருக்கும். துணிந்து முன்பே வாங்கிவிட்டு விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் பணம் திரும்பாது. பாஸை விசா வந்தபின் நிதானமாக வாங்கலாம், நாள் நெருங்குகிறதே என்று விலை ஏறாது.

குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க: 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வரை பாஸ் இலவசம். முன்பதிவுக் கட்டணம் மட்டும் அவர்களுக்கும் உண்டு.

பாரிஸ்-மிலன்-ரோம் என்றால் தனி டிக்கெட்தான் என் கட்சி. மியூனிக்-சால்ஸ்பர்க்-வியன்னா-ஜூரிக் என்றால் பாஸ். ப்ராக்-வியன்னா மாதிரி ரெஜியோஜெட் என்ற தனியார் ரயில் மலிவாக ஓடும் தடத்தில் பாஸ் நாளை வீணாக்க வேண்டாம். இன்னும் குழப்பம் என்றால், ரயில் பிளானர் செயலியில் உங்கள் தடத்தைப் போட்டு, முன்பதிவு தேவையில்லாத ரயில்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் காணாமல் போனால் பாஸ் வேண்டாம்.