தஞ்சாவூர் வெயிலில் வயதான பீர்: ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல்

ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல் என்கிற இங்கிலாந்து பீரை வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம். ஆனால் எடுத்து வைத்துப் பழசாக்கும் ஆசை இருந்தால், வீட்டு ஃபிரிட்ஜில் அதற்கென்று ஒரு மூலையை வருஷக்கணக்கில் விட்டுக்கொடுக்க வேண்டும், வீட்டில் அதற்குச் சம்மதமும் வாங்க வேண்டும். முடியாதென்றால் வந்த வாரமே குடித்துவிடுங்கள், அப்போதும் அருமையாகத்தான் இருக்கும். பரணில் போட்டு வைத்தால் காசு வீண்.

லண்டன் சிஸ்விக்கில் இருக்கும் கிரிஃபின் ப்ரூவரியில் 1997 முதல் வருஷத்துக்கு ஒரு வின்டேஜ், அதாவது அந்த வருஷத்துப் பதிப்பு, என்று வெளியிடுகிறார்கள். 8.5 சதவீதம் ஆல்கஹால், பார்லி ஒயின் என்கிற, ஒயின் மாதிரி காட்டமான பீர் வகைக்குப் பக்கத்து வீடு. கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும், புளிக்கவைக்கும் ஈஸ்ட் மட்டும் ஃபுல்லர்ஸின் சொந்தச் சரக்கு, அந்த ஆரஞ்சு மார்மலேட் வாசனை பெரும்பாலும் அதிலிருந்து வருவதுதான். 2019ல் ஃபுல்லர்ஸின் பீர் தொழிலை ஜப்பானின் அசாஹி வாங்கிவிட்டது, அப்புறமும் வின்டேஜ் நிற்கவில்லை. நம்ம ஊர் ஸ்ட்ராங் பீரிலும் 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று போட்டிருப்பதால் ரெண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அது ருசி தெரியாமல் இருக்கவே ஐஸ் மாதிரி குளிரவைத்துக் குடிக்கிற பானம், இது குளிர் விட விட வாயைத் திறக்கிற பானம்.

டாஸ்மாக்கில் தேட வேண்டாம், காரைக்காலிலும் என் கண்ணில் பட்டதில்லை. லண்டனில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது திருச்சி ஏர்போர்ட் வழியாகக் கொண்டு வருவார். ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள், பாட்டில் 500 மில்லி, அதனால் நான்குதான், அதிலும் மற்ற உறவுக்காரர்கள் விஸ்கி கேட்டுப் போட்டிக்கு வருவார்கள்.

இந்த முறை ருசி பார்த்ததில் ஒரு வசதி இருந்தது. சில வருஷம் பழசான ஒரே வின்டேஜில் ரெண்டு பாட்டில், ஒன்று என் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்குப் பின்னால் இருந்தது, இன்னொன்று காரைக்காலில் சித்தப்பா வீட்டு ஷோகேஸில் குத்துவிளக்குக்கும் தாஜ்மகால் பொம்மைக்கும் நடுவே நின்றிருந்தது. பெட்டியைக்கூடப் பிரித்து எறிந்துவிட்டார். "வெளிநாட்டுச் சரக்குடா தம்பி, நாலு பேர் கண்ணுக்குத் தெரியணும்ல" என்பார். டெல்டாவில் பாதி வீடுகளில் இதுதான் கதை. கூடவே புதுசாக வந்த ஒரு பாட்டிலும் இருந்தது.

புதுசு முதலில். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளியது போன்ற வாசனை, ரொட்டி ஓரத்து மால்ட், பின்னால் நல்ல கசப்பு, தொண்டையில் சாராயச் சூடு கொஞ்சம் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. குறை என்றால் அது ஒன்றுதான்.

ஃபிரிட்ஜ் பாட்டிலில் அந்தச் சூடு அடங்கியிருந்தது. கசப்பு பின்வாங்கி, அந்த இடத்தில் காய்ந்த திராட்சையும் பேரீச்சையும் லேசாகக் காய்ச்சிய சர்க்கரையும், மூக்கை வைத்தால் ஒரு இழை ஷெர்ரி ஒயின் வாசனையும். ஆரஞ்சு இன்னும் போகவில்லை. 12, 13 டிகிரி நிலவறையில் இருந்திருந்தால் இதே வயதுக்கு இன்னும் முன்னே போயிருக்கும், ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். எனக்கு இந்தப் பாதி வழிதான் பிடித்திருக்கிறது, புதுசும் பழசும் ஒரே வாயில் கிடைக்கிறது.

ஷோகேஸ் பாட்டிலைத் திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. அப்புறம் மொட்டையான ஒரு இனிப்பு, கடைசியில் சோயா சாஸ் மாதிரி ஒரு உப்புச்சுவை, அது செத்த ஈஸ்ட் உடைந்து கரைவதால் வருவது. பீர் கெட்டு விஷமாகவில்லை, ஆனால் ரெண்டாவது வாய் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா மட்டும் "பழசுன்னா இப்படித்தான் இருக்கும்" என்று சாதித்தார்.

இல்லை சித்தப்பா. மூடிக்கு அடியில் மிச்சமிருக்கும் காற்றைப் பெரும்பாலும் உயிருள்ள ஈஸ்ட் தின்றுவிடும், அதற்குத்தான் வடிகட்டி எடுத்துவிடாமல் கொஞ்சம் உள்ளேயே விட்டு அடைக்கிறார்கள். வெயில் அந்த ஈஸ்ட்டையும் கொன்று, மீதிக் காற்று மால்ட்டைக் கெடுக்கிற வேலையையும் வேகப்படுத்துகிறது. 10 டிகிரி ஏறினால் வேகம் சுமாராக ரெண்டு மூணு மடங்கு என்று கணக்கு, 12க்கும் நம் வீட்டு 32க்கும் நடுவே ரெண்டு பத்து இருக்கிறது. ஷோகேஸில் ஒரு வருஷம் என்பது 12 டிகிரி நிலவறையில் நான்கு வருஷத்துக்கும் மேல், அதுவும் நல்ல மாற்றங்களும் கெட்ட மாற்றங்களும் ஒரே விகிதத்தில் ஓடுவதில்லை. நெல்லைப் பழசாக்கித் தின்கிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, குதிரில் ஈரம் புகுந்த நெல்லை யாரும் பழைய நெல் என்று சொல்வதில்லை.

ஒயின் கூலர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று. விலை குறைவான, கம்ப்ரஸர் இல்லாத தெர்மோ எலக்ட்ரிக் வகை வேண்டாம். அது அறையின் வெப்பத்திலிருந்து ஓரளவுதான் கீழே இறக்கும், சித்திரையில் அறையே 36, 37 என்று நிற்கும்போது 12 டிகிரி என்பது அதற்குக் கனவு. கம்ப்ரஸர் உள்ளது சரியாக வரும், மின்சாரம் போனாலும் அடிக்கடி கதவைத் திறக்காவிட்டால் சில மணி நேரம் தாங்கும்.

குடிக்கிற விஷயத்தில் ரெண்டே சொல்கிறேன். பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வைத்தால்தான் வண்டல் அடியில் தங்கும், ஊற்றும்போது கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடிக்காதீர்கள், கால் மணி நேரம் போதும், இந்த ஊரில் அதற்கு மேல் விட்டால் சூப் ஆகிவிடும்.

தொட்டுக்கொள்ள இங்கிலாந்தில் ஸ்டில்டன் சீஸ் சொல்வார்கள். இங்கே புதுப் பாட்டிலுக்குத் திருவையாறு அசோகா அல்வா வைத்துப் பாருங்கள், நெய்யையும் இனிப்பையும் அந்தக் கசப்பு வெட்டிக்கொண்டே போகும். பழைய பாட்டிலுக்கு அசோகா வேண்டாம், இனிப்போடு இனிப்பு மோதித் திகட்டிவிடும், உப்புப் போட்டு வறுத்த முந்திரிதான் சரி. காரமான மீன் வறுவல் ரெண்டுக்குமே ஆகாது, மிளகாயும் 8.5 சதவீதமும் சேர்ந்து நாக்கை எரிக்கும்.

இதைவிடக் கனமாக வேண்டுமென்றால் மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸின் ஹார்வெஸ்ட் ஏல் இருக்கிறது, 1986லிருந்து வருகிறது, 11.5 சதவீதம், அசல் பார்லி ஒயின், ஒருவருக்குச் சின்ன கிளாஸ் போதும். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியான இனிப்பு. மச்சானிடம் அடுத்த தடவைக்கும் ஃபுல்லர்ஸ்தான் சொல்லியிருக்கிறேன், ஒரே வருஷத்தில் ரெண்டு, பெட்டியோடு.