முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பின் ஒன்றரை வருடம்: வாக்கர், பெல்ட், சிரிப்பு

கீழ்முதுகில் எல்4, எல்5 என்று சொல்லும் இரண்டு முதுகெலும்புகளை ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதுகைத் தாங்க எந்த பெல்ட் வாங்கலாம், வாக்கர் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தது வீட்டில் இருந்த சிரிப்புதான், அதனால் அதைப் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் வாரம் சிரிக்கவே முடியாது. சிரிப்பு, இருமல், தும்மல் எதுவானாலும் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்கும். தலையணையை வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். நல்ல பலன் இருந்தது. வார்டில் மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று தருவார்கள். உறிஞ்சினால்தான் பந்து மேலே போகும். பக்கத்துக் கட்டில் பாட்டி கன்னம் உப்ப ஊதிவிட்டு, "இது ரிப்பேர், மாத்திக் குடும்மா" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனார். தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். வலித்தது, ஆனாலும் அன்று மனசு லேசானது.

குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி பதற்றம் குறையும்.

மூன்றாவது மாதம் பெரிய சறுக்கல். குறைந்திருந்த கால்வலி திரும்ப வந்தது, கைத்தடியிலிருந்து மறுபடி வாக்கருக்குப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், நரம்பு தேறும்போது இப்படி ஏற்ற இறக்கம் இருக்கும் என்றார். அவர் சொன்னது புரிந்தாலும் மனசு கேட்கவில்லை, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என் மாமனாரும் வாக்கரில் நடப்பவர். இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டு நடைவழியில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றோம். ஒருவர் பின்வாங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். அவர் தன் வாக்கரைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார். "நீ முன்னாடி போம்மா, உன் வண்டி புதுசு. என்னுதுக்கு ரிவர்ஸ் கியர் பழகிப்போச்சு" என்றார். சமையலறையிலிருந்து என் கணவர் ஓடிவந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். கால்வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1964-இல் முதுகெலும்பு மூட்டுகளைப் பாதிக்கும் நோயில் படுத்தபோது நகைச்சுவைப் படங்களாகப் பார்த்தார். பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று பிறகு எழுதினார். அது ஒருவருடைய அனுபவம், மருந்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மாத்திரைகளை நான் ஒருவேளைகூட விடவில்லை.

பார்க்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வலியில் இருப்பவர் சிரிக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். "இரும்பு மனுஷி ஆயிட்டீங்க" என்று வாசலிலேயே ஆரம்பிப்பது எல்லா நாளும் தாங்காது. மாமனாரின் பேச்சு என்னைத் தொட்டதற்குக் காரணம், அவர் கையிலும் ஒரு வாக்கர் இருந்ததுதான்.

சரி, பொருட்கள். பெல்ட்டை டாக்டர் சொன்ன அளவில் வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியன் போடாவிட்டால் வெயில் காலத்தில் வேர்க்குரு நிச்சயம். வெல்க்ரோவில் பஞ்சு அடைந்தால் பிடிப்பு போய்விடும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். நின்று கையைத் தொங்கவிட்டால் வாக்கரின் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். கால் ரப்பர் தேய்ந்ததும் உடனே மாற்றுங்கள், ஈரத் தரையில் வழுக்கும். தரையில் கிடப்பதை எடுக்கும் நீளக் குச்சிக்குக் கொடுத்த காசு முழுக்கத் தகும். இன்றும் துணி கிளிப் எடுக்க அதுதான்.

சிரித்துக் கடக்கக் கூடாத சிலதும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது, காய்ச்சலோடு தையலில் சீழ் வருவது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.