பூ வேணுமா, அடி வேணுமா: அடினியத்தில் ஒட்டுச்செடியும் விதைச்செடியும்

சந்தூருக்கு மாங்கன்று வாங்கப் போன இடத்தில்தான் இந்தக் கேள்வி வந்து மாட்டியது. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒட்டு மாங்கன்றுக்குப் பேர் போன ஊர். நான் போன நர்சரியில் ஒரு ஓரத்தில் பச்சை வலைக்குக் கீழே அடினியமும் கொஞ்சம் வைத்திருந்தார்கள். நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்த நர்சரிக்காரர் கேட்டார்: "சார், உங்களுக்குப் பூ வேணுமா, அடி வேணுமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு செடிகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றில் அடுக்கடுக்காக இதழ் வைத்த ரத்தச் சிவப்புப் பூ நான்கு பூத்திருந்தது. தண்டு கட்டைவிரல் பருமன்தான், நடுவில் பிளாஸ்டிக் நாடா சுற்றிய தழும்பு. அது ஒட்டு, 350 ரூபாய். இன்னொன்றில் பூவே இல்லை. ஏழெட்டு இலை, கீழே சர்க்கரைவள்ளிக் கிழங்கை நட்டு வைத்ததுபோல உப்பிய அடி. அது விதைச்செடி, 80 ரூபாய். இரண்டிலும் இரண்டிரண்டு வாங்கினேன். ஒரு ஜோடி தருமபுரியில் எங்கள் மொட்டை மாடிக்கு, இன்னொன்று ஓசூரில் இருக்கும் அக்காவுக்கு. ஆறு வருடமாகிறது. மாங்கன்று வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.

இந்தச் செடியைப் பாலைவன ரோஜா என்கிறோம். ஓசூர் பசுமைக்குடில் ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது அரளிக் குடும்பம். ஏமனில் இதைச் சேகரித்த ஃபோர்ஸ்கால் என்ற இயற்கையியலாளர், இதை அரளியிலேயே ஒரு வகையாக எண்ணி 'நீரியம் ஒபீசம்', அதாவது குண்டு அரளி என்றுதான் பெயர் வைத்தார். அவர் இறந்த பிறகு 1775-ல் அச்சான நூலில் அந்தப் பெயர் வந்தது. அடினியம் என்ற பெயர் பிறகு ஏடன் துறைமுகத்தின் பெயரையொட்டி வந்தது. குண்டு என்று அவர் சொன்னதுதான் விஷயமே. சகாராவுக்குத் தெற்கேயும் அரேபியாவிலும் மாதக்கணக்கில் மழையில்லாத மண்ணில், குடித்த தண்ணீரை அடியில் சேர்த்து வைத்துப் பிழைக்கிற செடி. அரளி என்பதால் பாலில் விஷம் உண்டு, இதயத்தைத் தாக்கும் வகை. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். வெட்டினால் கையைக் கழுவுங்கள், ஆடு மேய்கிற இடத்தில் வெட்டிய கிளையைப் போடாதீர்கள்.

ஒட்டா, விதையா

ஒட்டுச்செடியின் பலம் ஒன்றுதான், ஆனால் பெரிய பலம். என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வாங்குகிறீர்கள், அதே நிறம்தான் காலம் முழுக்கப் பூக்கும். விதையில் அந்த உத்தரவாதம் கிடையாது. அடுக்குச் சிவப்பின் விதையைப் போட்டால் ஒற்றை அடுக்கில் வெளிர் ரோஸ் பூத்து நிற்கும். என் 80 ரூபாய்ச் செடி இரண்டாம் வருடம் முதல் பூ விட்டபோது அதுதான் நடந்தது: ஐந்து இதழ், ஓரம் ரோஸ், நடுவில் வெள்ளை. வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒட்டுச்செடி அந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை பூத்தது என்ற கணக்கே இல்லை.

மூன்றாம் வருடத்திலிருந்து பேச்சு மாறியது. விதைச்செடியின் அடி தொட்டிக்குள் இடம் போதாமல் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. இப்போது அது பெரிய தேங்காய் அளவு. அதிலிருந்து மூன்று வேர், யானைக்கால் மாதிரி, மண்ணுக்கு மேலேயே பிரிந்து நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பூவைப் பார்ப்பதில்லை, அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒட்டுச்செடிக்கும் கீழே இருப்பது விதையில் வளர்ந்த வேர்ச்செடிதான், அதனால் அதன் அடியும் பருக்கத்தான் செய்கிறது. ஆனால் சின்ன வயதிலேயே தலையை வெட்டி ஒட்டுக் கட்டிவிட்டார்கள், சத்தெல்லாம் பூவுக்குப் போகிறது. கீழே ஒரு பருமன், ஒட்டுக்கு மேலே வேறு பருமன், நடுவில் கழுத்துக் கழலை போல ஒரு முடிச்சு. எனக்கு அது கண்ணை உறுத்துகிறது. அக்காவுக்கு உறுத்தவில்லை. "பூவப் பாருடா, கழுத்த எதுக்குப் பாக்கற" என்கிறாள்.

ஒட்டுச்செடியில் இன்னொரு வேலையும் உண்டு. முடிச்சுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். அது வேர்ச்செடியின் துளிர். மா ஒட்டு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், விட்டால் கீழ்க்கிளை மேல்கிளையை ஜெயித்துவிடும். அக்கா ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டதில் ஒரே செடியில் சிவப்பும் ரோஸும் சேர்ந்து பூத்தன. "ரெண்டு கலர்" என்று அவளுக்குச் சந்தோஷம். அடுத்த வருடம் சிவப்புக் கிளை பாதியாகச் சூம்பியிருந்தது.

அடுக்குப் பூவைப் பற்றி நர்சரியில் யாரும் சொல்லாத ஒன்று: மழையில் நிற்காது. இதழுக்குள் தண்ணீர் தேங்கி, கனம் தாங்காமல் தொங்கி, இரண்டு நாளில் பழுப்பாக அழுகும். ஒற்றை அடுக்கு அதே மழையில் துடைத்துவிட்டது போல நிற்கும். கறுப்பு என்று விற்பது அடர் அரக்குச் சிவப்பு. நீலம் என்று படம் போட்டு ஆன்லைனில் விற்கும் விதையை வாங்காதீர்கள், அடினியத்தில் நீலமே கிடையாது.

போத்து நடுவது மூன்றாவது வழி. கிளையை வெட்டி, பத்து நாள் நிழலில் காயவிட்டு நட்டால் வேர் பிடிக்கும். தாய்ச்செடியின் பூவேதான் பூக்கும். ஆனால் விதைச்செடிக்கு வருவதுபோல உருண்ட அடி எளிதில் வராது. காசில்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர எனக்கு அதில் ஆர்வமில்லை.

கலவை: நான் கொன்ற செடி

விதையோ ஒட்டோ, இந்தச் செடி சாவது பெரும்பாலும் ஈரத்தால்தான். தண்ணீரில்லாமல் காய்ந்து செத்த அடினியத்தை நான் பார்த்ததில்லை. அதனால் தொட்டிக்குள் என்ன போடுகிறோம் என்பதுதான் பாதி வளர்ப்பு.

நர்சரிப் பையில் வருவது செம்மண்ணும் தொழு உரமும், அல்லது முழுக்கத் தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவு எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி, அதனால் போடுகிறார்கள். வெயில் காலத்தில் பரவாயில்லை. ஐப்பசி மழையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், வாரம் ஆனாலும் காயாது. வாங்கி வந்த ஒரு மாதத்துக்குள் அதைக் கழுவி எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

எதற்கு மாற்றுவது என்பதில்தான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். நம் மாவட்டங்களில் கல்லுக்கா பஞ்சம்? கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரஷரிலிருந்து தூள் இரண்டு மூட்டை சும்மாவே கிடைத்தது. மணலுக்குப் பதில் அதைப் பாதிக்குப் பாதி கலந்தேன். கோடை முழுக்கச் செடி நன்றாகத்தான் இருந்தது. அக்டோபரில் தொடர்ந்து நாலு நாள் மழை. மாவு மாதிரி இருந்த நைஸ் தூள் கீழே இறங்கி, தொட்டி அடியில் சிமெண்ட் பூசியது போல இறுகிவிட்டது. மேலே தண்ணீர் குளமாக நின்றது. ஐந்தாம் நாள் ஒட்டுச்செடியின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அடியை அழுத்தினேன். நேற்றுவரை பச்சை மாங்காய் போலக் கெட்டியாக இருந்தது, விரல் உள்ளே போயிற்று.

கத்தியால் சீவிப் பார்த்தேன். வெளியே பழுப்பு, உள்ளே கெட்டுப்போன வள்ளிக்கிழங்கின் நிறமும் நாற்றமும். வெள்ளைச் சதை வரும்வரை சீவவேண்டும் என்பது விதி. சீவச் சீவ வெள்ளை வரவே இல்லை, ஒட்டு முடிச்சுக்கு வந்துவிட்டேன். அதோடு அது முடிந்தது. பக்கத்துத் தொட்டியில் அதே கலவையில் இருந்த விதைச்செடிக்கும் ஒரு வேர் அழுகியிருந்தது. ஆனால் அடி பெரியது, வெட்டி எறிய இடமிருந்தது. அழுகலைச் சுத்தமாக எடுத்து, பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, பத்து நாள் தலைகீழாக நிழலில் கட்டித் தொங்கவிட்டேன். பிழைத்தது. அடி பெரிதாக இருப்பதில் அழகைத் தாண்டி இப்படி ஒரு லாபமும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது போடுவது: உடைத்த செங்கல் துண்டு (கடலைப் பருப்பிலிருந்து சுண்டைக்காய் வரையான அளவு, தூளைச் சலித்து எறிந்துவிட்டு) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஒரு பிடி அடுப்புக்கரி, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. சரியா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடித்துளையில் ஒழுகவேண்டும். பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துணுக்கை வாங்கிப் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, செங்கல் சும்மா கிடைக்கிறது, அவ்வளவுதான். கிரஷரில் கிடைக்கும் சிப்ஸ் ஜல்லியும் போடலாம், கழுவியபின். தூள் மட்டும் வேண்டாம்.

தொட்டி

மண்தொட்டிதான் என் கட்சி. சுவர் வழியாகவும் ஈரம் போகும். ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி ஏப்ரல் வெயிலில், அதுவும் கறுப்பாக இருந்தால், வேரை வேகவைத்துவிடும். மாடியில் கனம் ஏற்ற முடியாதவர்கள் பிளாஸ்டிக்கே வைக்கலாம், பக்கவாட்டிலும் துளை போட்டு. சிமெண்ட் தொட்டியைத் தூக்கி நகர்த்த என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

மண்தொட்டியிலும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, அடி பருத்துத் தொட்டியை உடைக்கும், எங்கள் வீட்டில் ஒன்று நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. இன்னொன்று உப்பு. தருமபுரி போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டாம். ஃப்ளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். செடிக்கு இன்னமும் போர்த் தண்ணீர்தான். ஆறு மாதத்தில் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், மண்ணின் மேலும் படியும். முதல் கோடை மழையில் மட்டும் செடிகளை நன்றாக நனையவிட்டு அந்த உப்பைக் கழுவிவிடுகிறேன்.

தருமபுரி மாடியும் ஓசூர் பால்கனியும்

ஒரே நர்சரியில் ஒரே நாளில் வாங்கிய செடிகள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் தருமபுரி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் கீழே, ஓசூர் 900 மீட்டர் சுமார். இந்தச் செடிக்கு அது இரண்டு நாடு.

எங்கள் மாடியில் பிப்ரவரி கடைசியில் துளிர்த்தால் ஜூன்வரை பூவுக்குக் குறைவில்லை. கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், ஏப்ரல் உச்சத்தில் தினமும்கூட. ஓசூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15 டிகிரிக்குக் கீழே போகின்றன. செடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப்போய்விடும். அக்கா அதைப் பார்த்துப் பயந்து, "வாடிடுச்சுடா" என்று தினமும் தண்ணீர் விட்டாள். தூங்குகிற செடிக்குத் தண்ணீர் விடுவது, அழுகச் சொல்லிக் கேட்பது போல. நல்லவேளை, நான் பொங்கலுக்குப் போனதால் நிறுத்தினேன். இலை இல்லாத மாதங்களில் அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். லேசாகச் சுருங்கியிருந்தால் கால் சொம்பு. கொழகொழ என்றால் உடனே பிடுங்குங்கள்.

அவள் பால்கனிக்குக் காலை வெயில் மூன்று மணி நேரம்தான். ஒட்டுச்செடி அதிலும் வருடத்துக்கு இரண்டு முறை பூக்கிறது. விதைச்செடி ஒட்டகச்சிவிங்கி போல உயர்ந்துவிட்டது, அடி பருக்கவில்லை. ஆறு மணி நேர வெயில் இல்லாத வீட்டுக்கு விதைச்செடியை நான் சொல்லமாட்டேன், ஒட்டையே வாங்குங்கள். பூச்சியும் ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்களுக்கு வறட்சியில் செம்பேன், அவளுக்கு மாவுப்பூச்சி. இரண்டுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல், சாயங்காலம்.

வெயில் அடிக்கிற மாடி உள்ளவருக்கு என் வழி இது: விதைச்செடியை வாங்கி மூன்று வருடம் அடியை வளர்த்துவிட்டு, பிறகு அதன் கிளைகளில் பிடித்த நிறத்தை ஒட்டுங்கள். போன பிப்ரவரியில் சந்தூரிலிருந்து மா ஒட்டுக்கட்டுகிறவர் ஒருவரை வரவழைத்தேன். அடினியம் அவருக்குப் புதிது. கிளையைத் தட்டையாக வெட்டி, அதே பருமன் குச்சியைப் பொருத்தி, பாலிதீன் போட்டுக் கட்ட, மூன்று கிளைக்கும் கால் மணி நேரம் ஆகவில்லை. "மாவ விட இது சுளுவுங்க, பால் மட்டும்தான் தொல்லை" என்று கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்தால் போதாது என்று சோப்பு கொடுத்தேன். மூன்றில் இரண்டு பிடித்தது. ஒன்றில் மஞ்சள் மொட்டு வைத்திருக்கிறது.

போட்டோ அனுப்பினேன். அக்காவிடமிருந்து ஒரு நிமிடத்தில் பதில்: "அந்த மூணாவது கிளைய சும்மா விடாத. என் செவப்புல ஒரு குச்சி வெட்டி வைக்கறேன், வந்து எடுத்துட்டுப் போ."